என் மோட்டார் சைக்கிளும் அதன் பூட்டுகளும்

கடல் ஊருக்குள் வந்த காலையில் நான் என் மனைவியோடு ஓடவில்லை. பூட்டைத் திறந்துகொண்டு நின்றேன்.

அப்போது நாங்கள் ஆரையம்பதியில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தோம். நான் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். தினமும் மண்முனைத்துறையில் பாதை ஏறவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். வாவியின் இந்தக் கரை இராணுவத்தின் கையில் இருந்தது, அந்தக் கரை ஆயுதம் தாங்கிய இயக்கத்தின் கையில். இரண்டு கரையிலும் இறங்கி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகவேண்டும். பாதையை விட்டு இறங்கியபின் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு கிலோமீற்றர் கிரவல் தெரு. பஸ் கிடையாது. அந்த மோட்டார் சைக்கிள் போனால் என் வேலையும் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் காத்தான்குடியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் சங்கிலியும் ஆமைப்பூட்டும் வாங்கினேன். கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், சங்கிலியை மேசையில் போட்ட சத்தத்தில் கடைக்குள் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது கப்பல் சாமான் மாஸ்டர். வாள் போட்டு அரிஞ்சாலும் ஏலா. இதப் போட்டுட்டு நிம்மதியாப் படுங்க."

நான் நிம்மதியாகப் படுக்கவில்லை. முன்பு ஹான்டில் லொக் போட்டிருக்கிறேனா என்று ஒருமுறை எழும்பிப் பார்ப்பேன். இப்போது அதையும் பார்த்து, சங்கிலியையும் பார்த்துவிட்டு வந்தேன்.

கடல் வந்த அந்த ஞாயிறு, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், முற்றத்துத் தென்னையோடு சங்கிலி போட்டிருந்தேன். முதலில் கேட்டது சனங்களின் சத்தம்தான். கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் எங்கள் ஒழுங்கையால் ஓடி வந்தார்கள். ஒருவர் ஓடிக்கொண்டே, "கடல் வருது" என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஆனால் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பெரிய தெருவுக்குப் போய்விடலாம் என்று மட்டும் தோன்றியது. உள்ளே ஓடித் திறப்புகளை எடுத்தேன். ஹான்டில் லொக் திறந்தது. ஆமைப்பூட்டுக்குள் திறப்பு பாதிதான் போனது. உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்திருக்கவேண்டும். இழுத்து, ஊதி, மறுபடியும் போட்டேன்.

மனைவி வாசல் படலையடியில் நின்றாள். இடுப்பில் எங்கள் மூன்று வயது மகள்.

"உட்டுட்டு வாங்க," என்றாள்.

"வாறன், இந்தா வாறன்."

"உட்டுட்டு வாங்க எண்டு சொல்றன்."

மூன்றாம் முறை அவள் கூப்பிடவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது படலையில் யாரும் இல்லை. அடுத்த கணம் தண்ணீர் முழங்காலில் இருந்தது, அதற்கடுத்த கணம் நெஞ்சில். அதன்பின் நான் செய்ததென்று எதுவும் இல்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் ஒரு மாமரத்தில் சேர்த்தது, நான் பிடித்துக்கொண்டேன். திறப்புக் கொத்து என் கையில்தான் இருந்தது. மரத்திலிருந்து இறங்கியபின்தான் அதைக் கண்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பெரிய தெருவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட மாடியில் அவர்களைக் கண்டுபிடித்தேன். மகள் யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்றுக்குள் நித்திரையாகிக் கிடந்தாள். மனைவி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "வந்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் மூன்று பேரில் யாரும் சாகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் அதிகம் இருக்கவில்லை. அதனால் அதைப்பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வளவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. தென்னை நின்றது. அதன் அடியில், பெற்றோல் தாங்கிவரை மண்ணில் புதைந்து, என் மோட்டார் சைக்கிள். சங்கிலி அறவில்லை. தாயையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த பக்கத்து வளவுக்காரர் வந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல பூட்டு," என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இயந்திரத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெயில் ஊறப்போட்டு, ஒரு மெக்கானிக் அதை ஓடவைத்தார். பூட்டுத்தான் செத்துப்போனது. அதே சங்கிலிக்கு அதே கடையில் புதிய ஆமைப்பூட்டு வாங்கினேன். கடைக்காரருக்கும் வீட்டில் இழப்பு இருந்தது. அந்த முறை அவர் பூட்டைப் புகழாமல் கடதாசியில் சுற்றித் தந்தார்.

வீடிழந்தவர்களுக்குக் கட்டித் தந்த தகரக் கொட்டிலில் நாங்கள் இருந்த அடுத்த இரண்டு வருடங்களில்தான் என் பூட்டுகள் பெருகின. அப்போது எங்கள் பக்கத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒரு கூட்டம் அல்ல. யார் யாருடைய ஆள் என்று கேட்கவும் முடியாது. காலையில் ஒரு ஊரில் மோட்டார் சைக்கிள் காணாமல் போகும். பின்னேரம் வேறொரு ஊரில் அதில் வந்த இரண்டு பேர் யாரையாவது சுட்டுவிட்டுப் போவார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைத் தேடி ஜீப் வரும். கள்ளன் கொண்டுபோவதைப்பற்றி யாரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கொண்டுபோனபிறகு அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் பயம்.

ஹான்டில் லொக் போட்டேன். பின்சில்லுக்குள்ளால் சங்கிலி போட்டேன். முன்சில்லுக்கு இன்னொரு பூட்டு. மெக்கானிக்கைக் கொண்டு இருக்கைக்குக் கீழே ஒரு இரகசியச் சுவிட்ச் வைத்தேன். அதுவும் போதாமல், பின்னேரம் வந்ததும் பிளக் வயரின் தொப்பியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். வகுப்பில் சமன்பாடு எழுதிக்கொண்டு நிற்கும்போது, மாமரத்தடியில் விட்டதைப் பூட்டினேனா என்று சோக்குக் கட்டியோடு வாசலுக்கு வந்து பார்ப்பேன். பிள்ளைகள் அதைக் கவனித்திருந்தார்கள். நான் வாசலைப் பார்க்கத் திரும்பும்போதே பின்வரிசையில் ஒருவன் மெதுவாக, "பூட்டித்தான் இருக்கு சேர்" என்பான். கணக்கில் கெட்டிக்காரன். அவன் அப்படிச் சொல்வது எனக்குக் கோபத்தைவிட ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் கடுமையாகி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மனைவி அவளோடு வார்டில். நான் பகல் சோற்றுப் பார்சலோடு போய், ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே ஒரு மின்கம்பத்தோடு மோட்டார் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தால் தெருவே வெறிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் சனம், இப்பால் இராணுவம். நடுவில் கம்பத்தோடு என் மோட்டார் சைக்கிள்.

குண்டு என்று நினைத்திருந்தார்கள். அவ்வளவு இறுக்கிக் கட்டிய வாகனத்தை வேறு எப்படி நினைப்பது?

சனத்துக்குள் கலந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் இலக்கத் தகடு என் பெயரைச் சொல்லும். கையை உயர்த்திக்கொண்டு, "என்னுடையது" என்றேன். ஒரு அதிகாரி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "நீங்க மட்டும் போங்க. எல்லாம் திறங்க. மெதுவா."

தனியாக நடந்து போனேன். பின்னால் இராணுவத்தின் துவக்குகள் குறிபார்த்தபடி இருப்பதை முதுகு அறிந்திருந்தது. முன்சில்லுப் பூட்டு, சங்கிலிப் பூட்டு, ஹான்டில் லொக், பெற்றோல் தாங்கி மூடி. எந்தத் திறப்பு எதற்கு என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அன்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றிப் போட்டேன். கொத்து ஒருமுறை கீழேயும் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது, எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் ஏறிய தண்ணீரின் குளிர் அப்படியே தெரிந்தது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் அதிகாரி சங்கிலியைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார்.

"ஏன் மாஸ்டர் இவ்வளவு பூட்டு?"

"கள்ளர் பயம், சேர்."

அவர் சங்கிலியைக் கீழே வைத்தார். "இனி ரோட்டில பூட்டவேணாம்," என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தார்.

அதன்பிறகு டவுனில் பூட்டப் பயம், வீட்டில் பூட்டாமல் விடப் பயம்.

கொட்டிலில் இருந்த இரண்டாவது வருடக் கடைசியில் ஒரு பின்னேரம், வெயில் தாழும் நேரம், இரண்டு பேர் கொட்டிலுக்கு வந்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியாது. அவன் சட்டையை வெளியே விட்டிருந்தான், இடுப்புப் பக்கம் புடைத்திருந்தது. மற்றவனைத் தெரியும். பின்வரிசையிலிருந்து, "பூட்டித்தான் இருக்கு சேர்" என்று சொன்னவன். பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு வராமல் விட்டிருந்தான். எங்கே போனான் என்று ஊருக்குத் தெரியும், யாரும் சொல்வதில்லை.

"சேர், ஒரு அலுவல். மோட்டார் சைக்கிளத் தாங்க. நாளைக்குக் கொண்டுவந்து தாறம்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இயந்திரம் பழுது என்றேன். ஓடாது என்றேன். திறப்பு ஒன்று தொலைந்துவிட்டது, சங்கிலியைக் கழற்றவே ஏலாது என்றேன். சொல்லச் சொல்ல இன்னும் சொல்லலாம் போல இருந்தது. தெரியாதவன் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். நான் அதைக் கண்டேன், ஆனாலும் பூட்டுக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மனைவி உள்ளே இருந்து வந்தாள். கையில் திறப்புக் கொத்து. என்னை ஒரு கையால் விலக்கிவிட்டுக் குந்தி இருந்து, முன்சில்லு, பின்சில்லு, ஹான்டில் என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு தரம்கூடப் பிழையான திறப்பைப் போடவில்லை. பிறகு உள்ளே போய் அரிசி டின்னுக்குள் நான் ஒளித்திருந்த பிளக் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருக்கைக்குக் கீழே சுவிட்ச் இருப்பதையும் சொன்னாள்.

"சங்கிலி வேணாம் அக்கா," என்றான் என் மாணவன். அதைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு இருவரும் போனார்கள்.

"ஏன் குடுத்த நீ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க பூட்டுக்குப் பக்கத்தில நிண்டத நான் ஒருதரம் பாத்துட்டன். மறுகாவும் நிண்டு பாக்க எனக்கு ஏலா."

மறுநாள் மோட்டார் சைக்கிள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வானொலியில் எங்காவது சுட்டார்கள் என்று சொன்னால், என்ன நிறம், என்ன இலக்கம் என்று சொல்வார்களோ என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பேன். பொலிசில் சொன்னால் கொண்டுபோனவர்களுக்குத் தெரியவரும். சொல்லாவிட்டால் பிறகு நானே கொடுத்தேன் என்று ஆகும். மூன்றாம் நாள் பொலிஸ் நிலைய வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "ஆரெண்டு தெரியா, கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா காணல்ல எண்டு சொல்லுங்க."

போனேன். முறைப்பாடு எழுதிய பொலிஸ்காரர் பேனையை நிறுத்திக் கேட்டார்: "பூட்டி இருந்ததா?"

"ஓம். மூன்று பூட்டு."

"அப்ப உடைச்ச பூட்டு எங்க? கொண்டுவாங்க, பாத்திட்டு எழுதுறன்."

உடைத்த பூட்டு என்னிடம் இல்லை. நல்ல பூட்டுத்தான் இருந்தது, திறப்போடு.

அன்று பின்னேரம் கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்து என் சங்கிலியை நானே அறுக்கத் தொடங்கினேன். மெக்கானிக்கிடம் இரும்பு அரியும் வாள் இரவல் வாங்கியிருந்தேன். சத்தம் அயலுக்குக் கேட்காமல் இருக்க மனைவி வானொலியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து, சங்கிலியை ஒரு கல்லில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தாள். கால் மணித்தியாலத்தில் வாளின் ஒரு அலகு முறிந்தது. சங்கிலிக் கண்ணியில் நகம் கீறியது போல ஒரு கோடு மட்டும் விழுந்திருந்தது. இரண்டாவது அலகும் முறிந்தது. எனக்கு வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

"கப்பல் சாமான் எண்டு அவர் சொன்னவரெல்லா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கடல் வந்தபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரித்து முடிந்ததும் நான் வாளை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அண்டைக்கு உங்கள ஏத்திக்கொண்டு போகலாம் எண்டுதான் நிண்டன்."

"தெரியும்," என்றாள். "ஓடக்குள்ளயும் அது எனக்குத் தெரியும். ஆனா நான் திரும்பிப் பாக்கல்ல. நீங்க இனி இல்ல எண்டு நினைச்சிட்டுத்தான் ஓடினன். மாடியில புள்ளைய வெச்சிக்கொண்டு இருக்கக்குள்ள, ஏன் மூண்டாந்தரம் கூப்பிடல்ல எண்டு நினைச்சிட்டு இருந்தன்."

அந்த இரண்டு வருடமும் அவள் என்னைக் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. வாளை மறுபடி எடுத்தேன். மூன்றாவது அலகில், பொழுது படும் நேரத்தில், கண்ணி அறுந்தது.

பொலிஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, "நல்லா அறுத்திருக்கான்" என்று சொல்லி முறைப்பாட்டை எழுதித் தந்தார்.

அடுத்த வருடம் படுவான்கரையில் சண்டை மூண்டது. சனம் முழுவதும் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. நான் அகதி முகாம் ஒன்றில் கூடாரத்துக்குள் கணக்குப் படிப்பித்தேன். சனம் திரும்பிப் போனபிறகு துவிச்சக்கரவண்டியில் பள்ளிக்கூடம் போனேன். பிறகு வடக்கில் யுத்தம் முடிந்தது என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்திலும் சிலர் வெடி கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. வாழைச்சேனைக்கு அப்பால், பொலன்னறுவைப் பக்கம் போகும் தெருவில் உள்ள ஒரு பொலிஸ் நிலையத்துக்கு வந்து வாகனத்தை அடையாளம் காட்டும்படி. மனைவியும் கூட வந்தாள். மூன்று மணித்தியாலம் என்னைக் கேள்வி கேட்டார்கள். அந்த முறைப்பாட்டுப் பிரதி இருந்தபடியால் அதோடு விட்டார்கள். பின்வளவில் நூற்றுக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் புல்லுக்குள் கிடந்தன. என்னுடையது மதிலோரம் கிடந்தது. இருக்கை கிழிந்து, ரயர் வெடித்து, இயந்திரம் இறுகிப்போயிருந்தது. பின்சில்லுக்குள்ளால் ஒரு மெல்லிய சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சிவப்பு பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்ட சங்கிலி, சின்னப் பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டிக்குப் போடுகிற பூட்டு.

"உங்கட பூட்டா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இல்ல."

தெருவோரத்தில் ஒரு புளியமரத்தில் சாத்தி வைத்திருந்ததாகச் சொன்னார். பூட்டியபடி. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் வந்து எடுக்கவில்லையாம். நான் மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய், அதன்பின் திரும்பி வராத அந்த மாணவனின் தாய் என் பள்ளிக்கூடம் இருந்த ஊரில்தான் இருந்தார். மகனின் படத்தை வைத்துக்கொண்டு அவர் போகாத முகாம் இல்லை, அரசாங்கக் கந்தோர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவரது வீட்டுத் தெருவைத் தவிர்த்து வேறு வழியால் போய்வந்திருந்தேன். இரண்டு கிழமை யோசித்துவிட்டுப் போனேன். அவன் வந்தது, மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனது, இப்போது அது கிடைத்த இடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார்.

"பூட்டி இருந்ததா, சேர்?"

"ஓம்."

"அப்ப திரும்பி வாற எண்ணத்தோடதான் எறங்கிப் போயிருக்கான்." பிறகு, "திறப்பு?" என்று கேட்டார்.

"இல்ல. திறப்பு இல்ல."

"அது அவனிட்டத்தான் இருக்கு," என்றார். உடனே, "அந்த இடத்த எனக்குக் காட்டுவீங்களா?" என்றார்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். புளியமரத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. கடைக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம் இருந்தது. "இரண்டு மாரிக்காலம் அதில நிண்டது. ஆரும் வருவாங்க எண்டு நாங்க தொடல்ல," என்றார். விட்டுப்போனவனை அவர் காணவில்லை. தாய் படத்தைக் காட்டினார். கடைக்காரர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மரத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வரம்பு போனது. தாய் அதில் இறங்கி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் அவர் நின்று, அவனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிடுவதுபோல ஒருமுறை கூப்பிட்டார். பஸ் வரும் நேரமாகிறது என்று நான் சொல்லும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பி வரும்போது யன்னல் பக்கம் இருந்தார். பாதி வழியில், திங்கட்கிழமை மகன் விஷயமாக இன்னொரு கந்தோருக்கு வரச்சொல்லி இருக்கிறார்கள் என்றார்.

"நீங்க வரவேணாம் சேர். பள்ளிக்கூடம் இருக்குமெல்லா."

"லீவு போட்டுட்டு வாறன்," என்றேன்.